சாப்பிட்ட பிறகு ஒரு மாத்திரை

ஐந்து வருஷம் நண்டின் மேல் பழி போட்டேன். பிறகு இறால் மேல். பிறகு மொத்த மீன் மேலும். கடைசியில் என் வீட்டுக்காரர் சட்டையில் ஒட்டிக்கொண்டு வருகிற கடல் வாடையின் மேலும் பழி போட்டு, மனிதரைக் கடலை விட்டே கரையேற்றப் பார்த்தேன். இத்தனைக்கும் அந்த வாடை எனக்குத் தெரியவே தெரியாது. என் மூக்கு செத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னைப் போல இன்ஹேலரைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, எதனால் மூச்சு அடைக்கிறது என்று தெரியாமல் சோற்றுத் தட்டை முறைத்துக்கொண்டிருக்கிற ஒருத்தியாவது இதைப் படிப்பாள். அவளுக்காக எழுதுகிறேன்.

என் பெயர் ரெஜினா. டாலிகஞ்சில் ஒரு சின்னத் தையல் கடை வைத்திருக்கிறேன். பிளவுஸ், நைட்டி, பள்ளிக்கூட யூனிபாரம், எது கொண்டுவந்தாலும் தைப்பேன். வீட்டுக்காரர் சவரிமுத்து. இரண்டு பேருக்குமே தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர். கல்யாணமான கையோடு கப்பலேறி இங்கே வந்துவிட்டோம். ஜங்லிகாட் ஜெட்டியில் எங்களுக்கு ஒரு டோங்கி உண்டு. எஞ்சின் வைத்த சின்னப் படகை இந்தத் தீவில் டோங்கி என்றுதான் சொல்வோம். விடியக் காலையில் போனால் மத்தியானம் மீனோடு வருவார். மகள் ஜெசி பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். எங்கள் குடும்பம் அவ்வளவுதான்.

வியாதி ஒரு ஜலதோஷமாகத்தான் ஆரம்பித்தது. முப்பத்தாறு வயது வரைக்கும் எனக்கு ஆஸ்துமா என்றால் என்னவென்றே தெரியாது. அந்த ஜலதோஷம் வந்தது, போகவே இல்லை. மூக்கு அடைத்தது அடைத்தபடியே இருந்தது. மூக்கு டாக்டர் லைட் அடித்துப் பார்த்து, உள்ளே திராட்சைக் குலை மாதிரி சதை வளர்ந்திருக்கிறது என்றார். கொஞ்ச நாளில் வாசனை போயிற்று. குழம்பு அடிப்பிடித்தால்கூட ஜெசி வந்து சொன்னால்தான் தெரியும். அடுத்த வருஷம் நெஞ்சில் விசில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. நெஞ்சு டாக்டர் ஆஸ்துமா என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்தார். மூக்குக்கு ஒரு டாக்டர், நெஞ்சுக்கு ஒரு டாக்டர், இரண்டு சீட்டும் இரண்டு கவரில். ஒரே உடம்பு என்று எனக்கும் தோன்றவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

தினசரி இழுப்பை இன்ஹேலர் பார்த்துக்கொண்டது. பயம் அதில்லை. திடீரென்று, சொல்லாமல் கொள்ளாமல், அரை மணி நேரத்துக்குள் ஆளைக் கவிழ்க்கிற இழுப்பு ஒன்று வரும். முதல் தடவை ஒரு கோயில் திருவிழாவன்று வந்தது. அன்றைக்கு நண்டுக் குழம்பு. அடுத்தது ஈஸ்டர் அன்று, இறால் தொக்கு. அதற்கடுத்தது பல் பிடுங்கின அன்று. அன்றைக்கு நான் கஞ்சியைத் தவிர ஒன்றும் சாப்பிடவில்லை. ஆனால் பக்கத்து வீட்டில் நெத்திலி பொரித்தார்கள் என்று ஜெசி சொன்னாள். அது போதாதா! 'வாடைகூட ஆகல போல' என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊரே சொல்லும். அந்தக் கோபத்தோடு ஒரு முடிவு எடுத்தேனென்றால் அதை மாற்ற ஆண்டவரே இறங்கி வந்தாலும் முடியாது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு அடுப்பில் மீன் ஏறவில்லை. சவரி ஜெட்டியிலேயே குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவார். கடலுக்குப் போகிற துணியைத் தனியாக ஒரு வாளியில் போட்டு அவரே துவைப்பார். தலையில் வாடை இருக்குமோ என்று வாரத்துக்கு இரண்டு தடவை ஷாம்பு போடுவார். மீன்பிடிக்கிற மனுசன், ஐம்பது வயதில், ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கிழித்துக்கொண்டு ஜெட்டிக் குழாயடியில் நிற்பதைக் கற்பனை செய்து பாருங்கள். கூட்டாளிகள் கேலி செய்திருக்கிறார்கள். ஒரு நாளும் என்னிடம் வந்து முனகியதில்லை.

இந்த வருஷத் திருவிழாவுக்கு வருகிறேன். கொடியேறின நாளிலிருந்து எனக்கு மெஷினை விட்டு எழுந்திருக்க நேரமில்லை. டாலிகஞ்சிலிருந்து சௌல்தாரி வரைக்கும் எல்லாப் பொம்பளைகளுக்கும் திருவிழாவன்று புது பிளவுஸ் வேண்டும், அதுவும் கடைசி நாளில்தான் துணியைக் கொண்டுவருவார்கள். ஒன்பது நாள் குனிந்து தைத்ததில் கழுத்து இரும்பாகிவிட்டது. தைலம் தேய்த்தேன், ஒத்தடம் கொடுத்தேன், ஒன்றும் கேட்கவில்லை. திருவிழா ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டில் விருந்து. வந்தவர்களுக்கு நண்டும் மீனும் வெளியில் கல் அடுப்பு மூட்டி வைத்தார் சவரி. எனக்கு மட்டும் தனிச்சட்டியில் கோழிக் குழம்பு. சாப்பிட்டு எழுந்து கையைக் கழுவினேன். பத்துப் பேருக்குப் பரிமாறின களைப்பு. நாற்காலியில் சாய்ந்தேன். ஒரு அரை மணி இருக்கும், மூக்கிலிருந்து தண்ணீராகக் கொட்ட ஆரம்பித்தது. கண் இரண்டும் சிவந்து முகம் காந்தியது. பிறகு யாரோ நெஞ்சைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கின மாதிரி இருந்தது.

இன்ஹேலரை நாலு, ஆறு, எட்டு தடவை இழுத்தேன். மருந்து உள்ளே போகவே இல்லை. பேச முடியவில்லை. ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு வேண்டும், அந்த ஒரு மூச்சு இல்லை. ஜெசி ஓடிப்போய் ஆட்டோவைக் கூட்டி வந்தாள். சவரி என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியதும், "ஏட்டி, கண்ண மூடாத, என்னயப் பாரு, என்னயப் பாரு" என்று ஆட்டோ முழுக்கக் கத்திக்கொண்டே வந்ததும் ஞாபகம் இருக்கிறது. எனக்கு ஜெசியின் பரீட்சைதான் நினைப்பில் ஓடியது. செத்துப் போகப் போகிறேன் என்று சத்தியமாக நம்பினேன்.

பெரிய ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில் என்ன செய்தார்கள் என்று சொல்கிறேன், பயப்படுகிறவர்களுக்கு உதவும். முதலில் விரலில் ஒரு கிளிப் மாட்டினார்கள். ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று அது காட்டும். முகத்தில் ஒரு மாஸ்க், அதற்குள் மருந்து புகையாக வரும், நெபுலைசர் என்பார்கள். கையில் ஊசி குத்தி ஸ்டீராய்டு ஏற்றினார்கள், வீங்கின மூச்சுக்குழாயை வற்ற வைக்கிற மருந்து அது. மணிக்கட்டில் ஆழமாகக் குத்தி ஒரு ரத்தம் எடுத்தார்கள், அம்மாடி, அந்த ஒரு குத்து மட்டும் பிரசவ வலியைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். அதற்குப் பிறகும் மூச்சு சரியாகவில்லை. ஐசியுவுக்குக் கொண்டுபோய், காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற மெஷினை முகத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். இரண்டு நாள் அதோடு போயிற்று. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வார்டுக்கு மாற்றினார்கள்.

வார்டுக்கு வந்ததும் சவரி கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். ஆரஞ்சை உரித்து, சுளையில் இருக்கிற நாரையெல்லாம் எடுத்து, ஒவ்வொன்றாகக் கொடுத்தார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"டோங்கியக் குடுத்துருதேன்னு அப்பாராவ் அண்ணன்ட்ட சொல்லிட்டேன். வார ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்கிடுவாரு."

அப்பாராவ் அண்ணன் ஜங்லிகாட்டில் எங்கள் டோங்கிக்குப் பக்கத்தில் தன் டோங்கியைக் கட்டுகிற தெலுங்குக்காரர்.

"குடுத்துட்டு?" என்றேன்.

"டவுன்ல ஒரு குடோன்ல வாட்ச்மேன் வேல இருக்காம். நெழல்ல உக்காந்துருக்க வேலதான்."

அப்பா, தாத்தா மாதிரியே பதினைந்து வயதிலிருந்து கடலுக்குப் போகிற ஆள். தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே மீன் எங்கே நிற்கிறது என்று சொல்வார். அவர் குடோன் வாசலில் நிழலில் உட்காரப் போகிறாராம். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பட்டபாடு நெஞ்சில் அப்படியே இருந்தது. நான் மீனைத் தொடக்கூட இல்லை, வாடைக்கே இந்தப் பாடு என்றால் இனி என்ன செய்ய? 'சரி' என்று மட்டும் சொன்னேன். அந்தச் 'சரி'யை இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

புதன்கிழமை காலை. இட்லி சாப்பிட்டு முடித்தேன். மூச்சு பரவாயில்லை, ஆனால் கழுத்து வலி உயிரை எடுத்தது. இரண்டு நாள் மெஷினுக்குக் கீழே அசையாமல் கிடந்தது வேறு. முகம் சுளித்ததைப் பார்த்ததுமே சவரி எழுந்து போனார். ஆஸ்பத்திரிக்கு வெளியில் மெடிக்கல் ஷாப்பில் வழக்கம் போல, "தர்த் கி கோலி தேதோ" என்று கேட்டிருப்பார். வலி மாத்திரை கொடு என்று இந்தியில் கேட்டால் போதும், கடைக்காரர் பட்டையிலிருந்து இரண்டைக் கத்தரித்துக் கொடுத்துவிடுவார். பேர் எழுதின பக்கம் கடைக்காரரிடமே நின்றுவிடும். எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் அந்த மாத்திரையின் பேர் தெரியாது. அதற்குப் பேரே தர்த் கி கோலிதான்.

மாத்திரையை ஒரு கையிலும் தண்ணீரை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு நின்றார் சவரி. நான் மாத்திரையை வாங்கி வாய்க்குக் கொண்டுபோனேன். அப்போது ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது, அதுவும் ஊசி குத்தின அதே மணிக்கட்டை.

"யே க்யா ஹை?"

ரூத் சிஸ்டர். கார் நிக்கோபார்க்காரர், அந்த வார்டின் ஸ்டாஃப் நர்ஸ். முந்தின சாயங்காலம் என் வியாதிக் கதை முழுவதையும் கேட்டு எழுதிக்கொண்டவர். குட்டையான உருவம், மெதுவான பேச்சு. இது என்ன என்று கேட்டபடியே மாத்திரையை என் விரலிலிருந்து எடுத்துவிட்டார். எனக்குச் சுர்ரென்று வந்தது.

"கழுத்து வலிக்கு, சிஸ்டர். வெறும் வயித்துல ஒண்ணும் போடல. சாப்புட்டுட்டுத்தான் போடுதேன்" என்றேன் என் இந்தியில். வெறும் வயிற்றில் போட்டால் குடலைப் புண்ணாக்கும் என்று எந்தக் காலத்திலோ யாரோ சொன்னதை நாங்கள் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருந்தோம். அந்த ஒரு விஷயத்தில் எங்கள் வீட்டில் ஒழுங்கு தவறியதே கிடையாது.

சிஸ்டர் மாத்திரையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்தே விட்டார். வார்டில் அத்தனை பேஷண்ட் இருக்க, ஒரு நர்ஸ் கட்டிலில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் இதைப் போட்டீர்களா?"

எனக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. "போட்டேன். திருவிழாத் தையலு, கழுத்து போயிருச்சு."

"ஈஸ்டருக்கு? பல் பிடுங்கின அன்றைக்கு?"

ஈஸ்டருக்கும் தையல்தான். பல்லுக்கு அந்த டாக்டரே எழுதிக் கொடுத்த வலி மாத்திரை, கஞ்சி குடித்துவிட்டுப் போட்டேன். சொல்லச் சொல்ல என் வாய் தானாக மெதுவாகிவிட்டது. சாதாரண நாளில் நான் தைலத்தோடு சமாளித்துவிடுவேன். தாங்க முடியாமல் மாத்திரை வரைக்கும் போவது திருவிழாத் தையலின்போதுதான். திருவிழா என்றால் நண்டும் இறாலும். சாப்பாடு முதலில் போகும், மாத்திரை பின்னால் போகும், அரை மணியில் மூச்சு அடைக்கும். நாங்கள் தட்டில் இருந்ததை மட்டும் பார்த்தோம். தண்ணீரோடு போனதை யார் பார்த்தது!

"வாடைக்கும் வருது சிஸ்டர்" என்றேன், விடாமல். தோற்றுப் போனாலும் ஒத்துக்கொள்கிற ஜாதியில்லை நான்.

"உங்களுக்கு வாசனையே தெரியாது என்று நேற்றுச் சொன்னீர்களே. அப்புறம் வாடை வந்தது எப்படித் தெரிந்தது?"

"ஜெசி சொன்னா" என்றேன். சொல்லிவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த பெங்காலி அம்மாள்கூடச் சிரித்துவிட்டார்.

சிஸ்டர் சிரிக்கவில்லை. என் கவர்களைக் கேட்டார். மூக்குச் சீட்டு, நெஞ்சுச் சீட்டு, பல் சீட்டு மூன்றையும் போர்வை மேல் பக்கம் பக்கமாக விரித்தார். ஐந்து வருஷமாக அந்த மூன்று காகிதமும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினார். மூக்கில் சதை. ஆஸ்துமா. வலி மாத்திரை. "இந்த மூன்றும் ஒருத்தரிடமே இருந்தால் டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும் என்று எங்களுக்குப் படிப்பிலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள்" என்றார். அப்புறம் எதார்த்தமாக, குற்றம் சாட்டுகிற குரலே இல்லாமல் கேட்டார். "கிஸ்னே தியா? யார் கொடுத்தது இதை?"

ஒவ்வொரு தடவையும் கொடுத்தது சவரிதான். நான் குனிந்து தைப்பதைப் பொறுக்காமல், கேட்காமலே போய் வாங்கி வருவார். நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். அவர் பக்கம் திரும்பவே எனக்குப் பயமாக இருந்தது.

"நானே வாங்கிக்கிட்டேன் சிஸ்டர்" என்றேன்.

"மேய்னே தியா" என்றது ஒரு குரல். நான் கொடுத்தேன் என்று அர்த்தம். தண்ணீர் டம்ளர் இன்னும் கையிலேயே இருக்க, பேயறைந்த மாதிரி நின்றார் சவரி. "எல்லாத் தடவையும் நான்தான் சிஸ்டர் குடுத்தேன். அவ வேண்டாம்னா கூட நான்தான் போடு போடுன்னு குடுத்தேன்."

அந்த இடத்தில் ரூத் சிஸ்டர் செய்ததை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆறுதல் சொல்கிறேன் என்று ஆரம்பித்து எதையும் அளக்கவில்லை. எழுந்து போய் அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கி வைத்தார். "அண்ணா, நீங்கள் உண்மையைச் சொன்னதால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது. எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள், எத்தனை நிமிஷத்தில் மூச்சு வாங்கியது, எல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். உட்கார்ந்து சொல்லுங்கள், நான் எழுதுகிறேன்" என்றார். சவரி உட்கார்ந்தார். தேதி முதற்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லும்போது அழுதுகொண்டேதான் சொன்னார், ஆனால் ஒன்றையும் விடவில்லை. இப்படி ஒரு மனுசனையா குடோன் வாசலில் உட்கார வைக்கச் சம்மதித்தேன் என்று எனக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மத்தியானம் டாக்டரம்மா வந்தார். சிஸ்டர் எழுதின தாளை முழுக்கப் படித்துவிட்டு, சிஸ்டரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு எனக்கு விளக்கினார். ஆஸ்துமாக்காரர்களில் எல்லோருக்கும் இப்படி வராது, சிலருக்குத்தான் வரும். பெரியவர்களான பிறகுதான் பெரும்பாலும் ஆரம்பிக்கும். வலி மாத்திரை உடம்பில் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குகிற ரசாயனத்துக்குக் கதவை அடைக்கிறது. என்னைப் போன்றவர்கள் உடம்பில் அந்தக் கதவு அடைபட்டதும், மூச்சுக்குழாயை இறுக்குகிற வேறொரு ரசாயனம் ஏறிவிடுகிறது. பார்க்க அலர்ஜி மாதிரி இருக்கும், ஆனால் அந்த வகை அலர்ஜி இல்லை. அதனால் தோலில் குத்திப் பார்க்கிற டெஸ்ட்டில் தெரியாது. வேண்டுமென்றே கொஞ்சம் கொஞ்சமாக மாத்திரை கொடுத்துப் பார்க்கிற டெஸ்ட் ஒன்று உண்டு, மெயின்லேண்டில் பெரிய ஆஸ்பத்திரிகளில் செய்வார்களாம். "உங்களுக்கு வேண்டாம். ஐசியு வரைக்கும் போய் வந்துவிட்டீர்கள், இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?" என்றார்.

ஒரு மாத்திரைக்கு மட்டும் ஆகாது என்று நினைத்தேன். அதுவும் தப்பு. ஒரு மாத்திரை ஆகாதென்றால் அந்தக் குடும்பமே ஆகாது, பேர் மட்டும் வேறு வேறு. ஊசியாக வந்தாலும் அதே கதைதான். ஜலதோஷ மாத்திரைக்குள்ளும் சிலவற்றில் ஒளிந்திருக்குமாம். காய்ச்சலுக்கு அளவான பாராசிட்டமால் எனக்கு ஒத்துக்கொள்ளும், அதையும் இரண்டாகச் சேர்த்துப் போடக்கூடாது என்றார். ஒவ்வொருத்தர் உடம்பும் வேறு, அதனால் நான் போடுகிறேன் என்று நீங்கள் போடாதீர்கள், உங்கள் டாக்டரைக் கேளுங்கள். ஆகாதவற்றின் பேரையெல்லாம் டாக்டரம்மா ஒரு அட்டையில் ஆங்கிலத்தில் எழுதி, எப்போதும் பையில் இருக்கட்டும் என்று கொடுத்தார்.

"அப்ப மீனு?" என்று கேட்டார் சவரி. ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு நாள்தான் இருந்தது.

மீன் மேல் சந்தேகம் இல்லை என்றார் டாக்டரம்மா. என் முகத்தில் நம்பிக்கை இல்லாததைப் பார்த்துவிட்டார் போல. ஐந்து வருஷப் பயம், டாக்டர் ஒரு வார்த்தை சொன்னதும் இறங்கிப் போய்விடுமா? வீட்டுக்குப் போய் முதல் வாய் மீனை வைத்ததும் பயத்திலேயே எனக்கு மூச்சு அடைத்துவிடும் என்று எனக்கே தெரிந்தது. "சரி, இங்கேயே சாப்பிடுங்கள்" என்றார். "மூச்சு நன்றாகத் தெளியட்டும். மருந்தெல்லாம் பக்கத்தில் இருக்கும், நாங்களும் இருப்போம்."

சனிக்கிழமை மத்தியானம் வார்டுக்கு ஒரு தூக்குச்சட்டி வந்தது. கொண்டுவந்தவர் அப்பாராவ் அண்ணன். சவரி ஒரு வாரமாகக் கடலுக்குப் போகாததால் அவரிடம்தான் நண்டு கேட்டிருக்கிறார். எதற்கு என்றும் சொல்லியிருக்கிறார். இந்த நண்டு எனக்கு ஒத்துக்கொண்டால் டோங்கி அவருக்குக் கிடையாது. தெரிந்தும், இருப்பதிலேயே பெரிய நண்டாகப் பார்த்து, வீட்டில் கொடுத்து உப்புப் போட்டு வேகவைத்து எடுத்து வந்திருந்தார். "காவ் பெஹன், காவ்" என்று மூடியைத் திறந்து வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார். சாப்பிடு தங்கச்சி, சாப்பிடு.

ரூத் சிஸ்டர் என் விரலில் கிளிப்பை மாட்டினார். மூச்சின் வேகத்தை நம்பராகக் காட்டுகிற ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொல்லி, நம்பரை எழுதிக்கொண்டார். நான் நண்டுக் காலை உடைத்தேன். சவரி வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். வாசனை தெரியாத நாக்குக்கு ருசி என்ன தெரியப் போகிறது, உப்பும் இனிப்பும் கலந்த மாதிரி ஏதோ தெரிந்தது. ஒரு காலைத் தின்றுவிட்டுக் காத்திருந்தேன். ஒன்றுமில்லை. சிஸ்டர் தலையாட்டியதும் இன்னொரு கால், பிறகு ஓட்டுக்குள் இருந்த சதை. அரை மணி நேரம் கழித்து ஊதினேன், அதே நம்பர். ஒரு மணி நேரம் கழித்து ஊதினேன், அதே நம்பர். சிஸ்டருக்குச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது, போகவில்லை. மூன்று மணி நேரம் என் கட்டிலைச் சுற்றியேதான் வேலை பார்த்தார். கடைசித் தடவை ஊதியபோது நம்பர் கொஞ்சம் ஏறியே இருந்தது.

"உள்ள வாங்க" என்று வராந்தாவைப் பார்த்துக் கத்தினேன். ஒரு வாரத்துக்குப் பிறகு எனக்குச் சத்தம் போட மூச்சு இருந்தது. "மீதி நண்டு ஆறுது. வந்து தின்னுங்க."

அப்பாராவ் அண்ணன்தான் முதலில் பேசினார். டோங்கியின் எஞ்சினில் எண்ணெய் ஒழுகுகிறது, திங்கட்கிழமை போவதற்கு முன்னால் அதைச் சரிசெய்துகொள் என்று சவரியிடம் சொல்லிவிட்டு, காலித் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வாங்க வந்த மனுசன் அப்படித்தான் நாங்கள் கொடுத்த வாக்கிலிருந்து எங்களை விடுவித்தார்.

இது நடந்து மூன்று மாதம் இருக்கும். போன வாரம் ஜெட்டியில் பாசியில் வழுக்கி விழுந்து எனக்கு இடது மணிக்கட்டு உடைந்துவிட்டது. அப்போதுதான் கரைக்கு வந்திருந்த சவரி, மீன் ரத்தச் சட்டையோடு அப்படியே என்னைப் பக்கத்தில் இருந்த ஒரு சின்னக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். ஆகாத மருந்து எழுதின அட்டை வீட்டில், வேறு பையில் கிடந்தது. வலியில் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, ஆஸ்துமா என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. வயதில் சின்ன டாக்டர் ஒருத்தர், நல்ல பிள்ளைதான், வலியில் துடிக்கிறேனே என்று அவசரமாகச் சிரிஞ்சில் ஊசி மருந்தை ஏற்றிக்கொண்டு வந்தார்.

சவரி குறுக்கே வந்து நின்றார். "ருக்கோ சாப். ஆஸ்துமா ஹை. யே சப் நஹி தேனா." இதெல்லாம் கொடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, கோயிலில் மன்றாட்டு சொல்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "ஆஸ்பிரின். ஐபுப்ரொஃபென். டைக்ளோஃபினாக். அசிக்ளோஃபினாக். கீட்டோரோலாக். நாப்ராக்சென். மெஃபினமிக். இண்டோமெத்தசின். பைராக்சிகாம்."

எனக்கு வலி மறந்துவிட்டது. ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினவர், ஆங்கிலத்தில் தன் பேரைக்கூடப் படிக்க மாட்டார். ஆஸ்பத்திரியில் இருந்தபோதே ரூத் சிஸ்டரிடம் ஒவ்வொரு பேராகக் கேட்டு வாங்கி, தினமும் டோங்கியில் தனியாகப் போகும்போது எஞ்சின் சத்தத்தோடு சத்தமாகச் சொல்லிச் சொல்லி நெட்டுருப் போட்டிருக்கிறார். இது எனக்கு, கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

டாக்டர் சிரிஞ்சைப் பார்த்தார். அவர் ஏற்றி வைத்திருந்தது மூன்றாவது பேர். அதைக் குப்பையில் போட்டுவிட்டு, சவரியை மேலும் கீழும் பார்த்து, "நீங்க மெடிக்கல் லைனா?" என்று இந்தியில் கேட்டார்.

"நஹி சாப். மச்லிவாலா" என்றார் சவரி. இல்லை சார், மீன்காரன். சொல்லிவிட்டு, ஏதாவது ஒன்று விட்டுப்போயிருக்குமோ என்ற பயத்தில், திரும்பவும் ஆஸ்பிரினிலிருந்து ஆரம்பித்தார்.